விட்டிலுக்கு இடம் தெரிந்திருந்தது

படம் ஆரம்பித்து இவ்வளவு நேரமாகியும் அந்த ஊரில் இன்னும் விடியவில்லை. மழை பெய்தது, விட்டது, மறுபடியும் பெய்தது. யாருடைய முகமும் முழுசாகத் தெரியவில்லை. கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுக்கிறவர்கள் ஒரு ட்யூப்லைட் வாங்கி மாட்டியிருக்கக் கூடாதா என்று கோகிலவாணி நினைத்த அதே நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒருவன் அதையே வாய்விட்டுச் சொன்னான். "ஆபரேட்டரண்ணா, லைட்டப் போடுங்கண்ணா, கரண்டு பில்லு நாங்க கட்டிக்கறோம்." தியேட்டர் சிரித்தது. பக்கத்தில் அவள் கணவன் நவநீதனும் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவள் சிரிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் உதட்டைக் கொஞ்சம் அகட்டிக் காட்டினாள். அது போதும் என்பதுபோல அவன் திரைக்குத் திரும்பிக்கொண்டான். இரண்டு மாதமாக இப்படித்தான். அவன் பார்ப்பான், அவள் உதட்டை அகட்டுவாள். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பாள். திரையில் விட்டில் ஓர் உயரமான கட்டடத்தின் விளிம்பில் குந்தியிருந்தான். சாம்பல் நிறச் சிறகு, பாதி முகத்தை மூடிய கறுப்புத் தோல், நெஞ்சில் சிறகு விரித்த பூச்சியின் சின்னம். எங்கே தீப்பிடித்தாலும் அதற்குள் போய் விழுந்து ஆட்களைத் தூக்கி வருவது அவன் வேலை. பேசினால் தொண்டையில் மீன்முள் சிக்கியவன் மாதிரி கரகரத்தான். தமிழ் டப்பிங்கில் வில்லன் மட்டும் ஏனோ சென்னைப் பேச்சுப் பேசினான். "ரெண்டு அந்துருண்டைய வீசுங்கடா, விட்டிலு ஓடிப்போயிருவான்" என்றான் பின்வரிசைக்காரன். அதற்கும் சிரித்தார்கள். கோகிலவாணி விட்டிலின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறகு தோளோடு சேரும் இடத்தில் போன காட்சியில் ஒற்றைத் தையல் இருந்தது, இப்போது இரட்டைத் தையல். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்ற கண்ணுக்குப் படம் தெரியாது, பிழைதான் முதலில் தெரியும். அவளிடம் யாராவது இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் இருட்டு, மழை, தையல் சரியில்லை என்று மூன்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அந்தப் பெண் குழந்தை மட்டும் ஆரம்பத்திலேயே வராமல் இருந்திருந்தால்.

காலையில் நவநீதன் சொன்னபோது அதெல்லாம் அவனுக்கும் தெரியாது. "சூப்பர் ஹீரோ படந்தான் அம்மிணி. சின்னப் பசங்க பாக்கறது. பறப்பான், அடிப்பான், ரெண்டு மணி நேரம் சிரிச்சுட்டு வரலாம்" என்றான். அவன் தையல் மெஷின் மெக்கானிக். படத்துக்குப் போவதென்றால் நண்பர்களோடு போவான், சண்டைப் படமாகப் போவான், பாதியில் தூங்கியும் போவான். சுவரொட்டியில் சிறகு இருந்தது, அதைப் பார்த்துவிட்டு முடிவுசெய்திருக்கிறான். அடுப்படியிலிருந்து அவன் அம்மா, "கூட்டிட்டுப் போடா, பொழுதன்னிக்கும் செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கறா, சாயங்காலம் அவங்கப்பா வந்து பாத்தா நம்மளத்தான் கேப்பாரு" என்றாள். சாயங்காலம் அப்பா வருகிறார். கோபியிலிருந்து பஸ் ஏறி வந்து அவளை அழைத்துப் போகப்போகிறார், ஒரு மாதமோ இரண்டு மாதமோ அம்மாவிடம் இருந்துவிட்டு வரட்டும் என்று. துணிப்பை கட்டிலடியில் தயாராக இருக்கிறது. போவதற்கு முன்னால் இவன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான் என்று அவள் நேற்று நினைத்தாள், முந்தாநாளும் நினைத்தாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் பஸ் ஏறினால் திரும்பி வருகிறவள் வேறு யாரோவாகத்தான் இருப்பாள், இவனுக்குச் சோறு போடுவாள், உதட்டை அகட்டுவாள், அவ்வளவுதான். அப்படி ஒரு பெண்ணாகத் தான் மாறிக்கொண்டு வருவதை அவள் சுவரில் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் அத்தை சுவர் என்கிறாள். சிரித்துவிட்டு வரலாம் என்றான், ஆனால் படம் போட்டதுமே தீ. ஒரு தொழிற்சாலை, அதற்குப் பின்னால் வரிசை வீடுகள், ஒரு சிறுமி சன்னலில் நின்று அப்பா என்கிறாள். அப்பன்காரன் ஓடுகிறான், எட்டவில்லை. நவநீதன் பாப்கார்ன் மெல்வதை நிறுத்தினான். அவளுக்குக் காது அந்தப் பக்கமே இருந்ததால் அது கேட்டது, மெல்லும் சத்தம் நின்றது கேட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மெல்ல ஆரம்பித்தான், சத்தம் வராமல், குற்றம் செய்தவன் மாதிரி.

விட்டிலின் மகளுக்கு ஏழு வயது. பெயர் இருந்தது, பள்ளிக்கூடப் பை இருந்தது, ஒரு பக்கம் பல் விழுந்த சிரிப்பில் ஒரு போட்டோ இருந்தது. அவள் போனதற்கு ஊரே மெழுகுவத்தி ஏற்றியது, மேயர் பேசினார், மழைகூட நின்று நிதானமாகப் பெய்தது. அதன்பிறகு அவன் கறுப்பு மாட்டிக்கொண்டான், யாரும் அவனை ஏன் சிரிக்கவில்லை என்று கேட்கவில்லை. துக்கப்படுவதற்கு அவனுக்கு ஓர் உடுப்பே தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கோகிலவாணிக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு படத்தில் வருகிற ஆள்மேல் இப்படிப் பொறாமைப்படுவது எவ்வளவு மட்டமான காரியம் என்றும் இருந்தது. அவளுடையதற்கு வயதே கிடையாது. ஐந்தாம் மாதம். வீட்டில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை, "அப்படி ஆனப்பறம்" என்பார்கள், "அன்னிக்கு" என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரியிடம் அத்தை கையை மட்டும் விரித்துக் காட்டினாள், ஒரு பாத்திரம் கவிழ்ந்துவிட்டது என்பதைச் சொல்கிற மாதிரி. பதினாறாம் நாள் கிடையாது, மாலை போட்ட படம் கிடையாது, அமாவாசைக்கு ஒரு பிடி சோறு கிடையாது. பிறக்காததற்கு எதுவும் கிடையாது, அது கணக்கில் வராது. அப்படியானால் அவளுக்குப் பால் ஏன் சுரந்தது? அதை யாரும் சொல்லவில்லை, ஐந்தாம் மாதத்தில் போனாலும் மார்பு அதை நம்பாது, காத்திருக்கும் என்று. பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னாள் அத்தை. மல்லிகை வாசம் வந்தால் இப்போதும் குமட்டுகிறது. முன்வரிசையில் ஒரு பெண் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள், கோகிலவாணி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள், திருப்பியதும் திரையின் ஓரத்தில் மறுபடி அந்தச் சின்னம்.

அந்தச் சின்னம் அவளுக்குப் படத்துக்கு முன்பே தெரியும். அதுதான் நினைவைப் போட்டுப் பிடுங்குகிறது, எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து மாட்டுகிறது. கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது, பிறந்த குழந்தைக்கான சட்டை, முழுக்கக் கறுப்பு, நெஞ்சில் சாம்பல் நிறத்தில் இதே விட்டில். கைக்குழந்தைக்கு யாராவது கறுப்புப் போடுவார்களா என்று செக்கிங் பகுதியில் எல்லோரும் சிரித்தார்கள். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்தது. பிரிண்டு விரிசல் விட்டிருக்கிறதா, கழுத்துப் பட்டன் இழுத்தால் வருகிறதா, நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். ஒருநாள் டீ நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபிறகு அவள் ஒன்றை எடுத்துத் தன் வயிற்றின் மேல் விரித்துவைத்துப் பார்த்தாள். எவ்வளவு இருக்கும், இந்த அளவு இருக்குமா என்று. வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அளவு பார்க்கிறவளுக்கு அளவு பார்க்கத்தானே தோன்றும். அந்த நேரம் பார்த்து ருக்குமணியக்கா திரும்பி வந்தாள், பேக்கிங்கில் இருப்பவள், எல்லோருக்கும் புத்தி சொல்பவள். "ஏய் கண்ணு, எடு அத. வயித்துல இருக்கறதுக்குத் துணி காட்டக் கூடாது. பொறக்கட்டும், பழைய வேட்டியத்தான் மொதல்ல சுத்தோணும். அதும் பாரு, கறுப்பு." கோகிலவாணி பி.காம். படித்தவள், அதனால் சிரித்தாள். "போங்க்கா, இது நம்மூர்ப் புள்ளைக்கு இல்ல, வெள்ளக்காரப் புள்ளைக்கு" என்றாள். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். டாக்டரம்மா சொன்ன காரணம் வேறு, கர்ப்பப்பையின் வாய் பலவீனம், உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று படம் வரைந்து காட்டினாள். காரணம் புரிந்தது. புரிந்த பிறகும் பகலில் கண்ணை மூடினால் அந்தக் கறுப்புச் சட்டை வயிற்றின் மேல் இருக்கிறது, லேசாக, எடையே இல்லாமல். விட்டில் ஒவ்வொரு முறை திரையில் இந்தப் பக்கம் திரும்பும்போதும் அவள் கை தன்னையறியாமல் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடியது. இப்போது மூடி என்ன.

விட்டில் ஒரு கதவின் முன்னால் நின்றான். மகளின் அறை. கைப்பிடியில் கை வைத்தான், கதவு கொஞ்சம் திறந்தது, உள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம், இந்தப் படத்தின் முதல் வெளிச்சம், அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், சட்டென்று படம் அறுந்து இடைவேளை என்று விழுந்தது. இங்கிலீஷ் படத்தில் இடைவேளை கிடையாது, தியேட்டர்காரர்கள் நேரம் பார்த்து எங்கேயோ வெட்டுவார்கள் என்று நவநீதன் சொல்லியிருக்கிறான். வெட்டுகிறவன் கதவைத் தாண்டி வெட்டக் கூடாதா. அன்றைக்கும் அப்படித்தான் வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்து அறை துடைக்கப்பட்டிருந்தது, ஃபினாயில் வாசம். வெளியே வராந்தாவில் அத்தையின் குரல் மட்டும் தாழ்ந்து கேட்டது. "எங்க வெச்சேன்னு அவகிட்டச் சொல்லிப்போடாத. சொன்னா அவ மனசு அங்கயே போய் நின்னுக்கும், அடுத்தது தங்காது. ஆம்பளைங்களோட போகட்டும்." பிறகு நவநீதன் உள்ளே வந்தான். தலை ஈரமாக இருந்தது. காலையில் போட்டிருந்த கோடு போட்ட சட்டை இல்லை, வேறு சட்டை. அவள் அந்த ஈரத் தலையைப் பார்த்தாள், குளித்துவிட்டு வந்திருக்கிறான், எதற்குப் போனால் குளித்துவிட்டு வரவேண்டுமோ அதற்குப் போயிருக்கிறான். "எதாச்சும் சாப்புட்டியா?" என்றான். அவள் தலையாட்டினாள். அப்போது கேட்டிருக்கலாம். எங்கே என்று ஒரே சொல். அது தொண்டைவரை வந்தது, பிறகு இரண்டு மாதமாகத் தொண்டையிலேயே இருக்கிறது, சோறு அதைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அவனிடம் ஓர் இடம் இருக்கிறது. ஒரு மரமோ, வேலியோ, வாய்க்காலோ, அவளுக்குத் தெரியாத ஒரு நாலடி மண். பெற்றவளுக்குத் தெரியாமல் இவன் அதை உள்ளே வைத்துக்கொண்டு பாப்கார்ன் தின்கிறான், சிரிக்கிறான், இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

"பப்ஸ் வாங்கியாரட்டுமா? முட்டையா, வெஜ்ஜா?" என்றான் அவன். "பாத்ரூம் போய்ட்டு வந்தர்றனுங்க" என்று எழுந்தாள். பெண்கள் பக்கம் வரிசை நீண்டிருந்தது. ஒரு குழந்தை சுவரில் சாய்ந்து, "அம்மா, விட்டிலு பாப்பா செத்துப்போச்சா?" என்று கேட்க, அம்மாக்காரி, "இல்ல சாமி, தூங்குது" என்றாள். அப்போதுதான் யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்தார்கள். ருக்குமணியக்கா. வேறு கம்பெனிக்கு மாறிப் போனவள், மூன்று மாதமாகப் பார்க்கவில்லை, கூடுதலாக ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். "அட கோகிலா, நீயா. எங்க வீட்டுப் பொடியன் நச்சரிச்சுக் கூட்டிட்டு வந்துட்டான். ஒரு மண்ணும் தெரியல, ஒரே கும்மிருட்டு. நீ எங்க இந்தக் கூட்டத்துல? ஆமா, இப்ப எத்தனாவது மாசம்?" கோகிலவாணியின் கையில் துப்பட்டா இன்னும் வயிற்றின் மேலேயே இருந்தது, தொளதொளவென்ற சுடிதார், அதற்குள் எதுவும் இருக்கலாம். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அப்படி ஆயிருச்சுங்க்கா என்று சொல்ல வேண்டும், அக்கா ஐயோ என்பாள், வரிசையில் இருப்பவர்கள் திரும்புவார்கள், கை விரித்துக் காட்ட வேண்டும். "ஏழுங்க்கா" என்றாள். எங்கிருந்து வந்தது அது. ஆனால் சரியாகத்தான் வந்தது, இருந்திருந்தால் ஏழுதான், ஒருநாள்கூடத் தப்பாமல் உள்ளே ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. "ஏழா? வயிறே தெரியலியே. அப்பப் பையந்தான். பையன்னா உள்ளயே அடக்கமா இருப்பான். எனக்கு இவன் அப்படித்தான், எட்டு வரைக்கும் யாரும் நம்பல. வளைகாப்பு எப்ப?" "அடுத்த மாசமுங்க்கா." "எனக்குச் சொல்லாம விட்டே, பாத்துக்க. ஏ, ஏனுங்க, கொஞ்சம் வழி விடுங்க, புள்ளத்தாச்சி நிக்கறா, முன்னால விடுங்க." வரிசை ஒதுங்கியது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் குழந்தைகூட ஒதுங்கி வழிவிட்டது. அவள் எல்லோரையும் தாண்டிப் போனாள், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாக. கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. வழிவிட்டார்களே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

இடைவேளைக்குப் பிறகு அவள் வேறு விதமாக உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கொஞ்சம் விரித்து, கனத்தவர்கள் உட்காருகிற மாதிரி. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. ஆனால் இந்தத் தியேட்டரில், இந்த இருட்டில், இப்போது ஓர் ஆளுக்கு அவள் ஏழு மாதம். எங்கோ நாலு வரிசை தள்ளி ருக்குமணியக்கா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அந்த நினைப்பில் அது இன்னும் இருக்கிறது, அடக்கமாக, உள்ளே. படம் முடிகிறவரைக்கும் இருக்கட்டும். நவநீதன் பப்ஸை உறையோடு அவள் மடியில் வைத்தான், சூடு துணிவழியாக வயிற்றுக்கு வந்தது. அவள் அதை எடுக்கவில்லை. திரையில் கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே கட்டில், பொம்மை, சுவரில் கிறுக்கல். விட்டில் முகமூடியைக் கழற்றிவிட்டு அந்தச் சின்னக் கட்டிலில் கால் நீட்ட இடமில்லாமல் சுருண்டு படுத்தான். பின்வரிசைக்காரன்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு பழைய நினைவாக ஒரு காட்சி வந்தது, மழையில் ஒரு மேடு, விட்டில் தனியாக நின்று மண்ணை வெட்டுகிறான், ஒரு சின்னப் பெட்டியை இறக்குகிறான். வேண்டாம் என்று அவள் நினைத்தாள், பார்க்காதே என்று தனக்கே சொன்னாள், ஆனால் கண் மூடவில்லை. இவனுக்கு இடம் தெரியும். அதுதான் இவனுடைய சக்தி, சிறகெல்லாம் சும்மா. போய் நிற்பதற்கு ஓர் இடம் இருப்பவன் எவ்வளவு இருட்டையும் தாங்குவான். பக்கத்தில் நவநீதனின் மூச்சு மாறியது. அவள் திரும்பவில்லை. இருக்கையின் கைப்பிடியில் அவன் கை இருந்தது, திரையின் வெளிச்சம் வந்து வந்து போனபோது அது விரிந்தும் மூடியும் கிடப்பது தெரிந்தது. அந்தக் கை ஒரு காலத்தில் அவள் வயிற்றில் அவன் காதை வைப்பதற்கு முன்னாலேயே வந்து படும், "என்ன பண்றாரு தொரை" என்று கேட்டபடி. துரை என்றுதான் சொல்வான், ஒருநாள் ராணி என்பான், எது வந்தாலும் அது நம்மைத் திட்டக் கூடாதல்லவா என்பான். பிறகு சண்டை வந்தது, ஊர் எரிந்தது, விட்டில் வில்லனின் மகனைத் தீயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான், தன் குழந்தையை எரித்தவனின் குழந்தையை. எல்லோரும் கைதட்டினார்கள். கோகிலவாணிக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவு நல்லவனாக யாரும் இருக்க முடியாது, இருந்தால் அவனுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று அர்த்தம். அவளுக்கு முன்வரிசைப் பெண்ணின் மல்லிகையைப் பிய்த்தெறிய வேண்டும் போல இருந்தது, அவளுக்கு அதுதான் உண்மையாகத் தெரிந்தது.

விளக்கு போட்டார்கள். கூட்டம் படியில் முட்டிக்கொண்டு இறங்கியது. "ரெண்டாவது பாகம் இருக்குதாம்டா, அதுலயாச்சும் விடியுதான்னு பாப்போம்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டு போனான். அவள் வேகமாக வெளியே போய்விடத்தான் நினைத்தாள், ஆனால் வாசலிலேயே ருக்குமணியக்கா மகனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காத்துக்கொண்டு நின்றாள் என்றே சொல்ல வேண்டும். "தம்பி, நீங்கதான் கோகிலா வூட்டுக்காரருங்களா?" என்றாள் நவநீதனிடம். "ஆமாங்க்கா." "உங்களுக்கு என்ன புத்தி இருக்குதுங்க தம்பி, ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சிய இப்படி இருட்டுப் படத்துக்குக் கூட்டிட்டு வரலாமுங்களா? தீங்கறான், சாவுங்கறான். உள்ள இருக்கறது எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்குமுங்க. இனி இந்த மாதிரி கூட்டிட்டு வராதீங்க." கோகிலவாணி தரையைப் பார்த்தாள். சிமெண்டில் பாப்கார்ன் மிதிபட்டுக் கிடந்தது. இப்போது அவன் சொல்வான், என்னங்க்கா சொல்றீங்க என்பான், அவளைத் திரும்பிப் பார்ப்பான், அந்த ஏழு மாதம் இந்த வாசலில் எல்லோர் முன்னாலும் இரண்டாவது முறையாக விழும். "சரிங்க்கா" என்றான் நவநீதன். "தெரியாம பண்ணிப்போட்டனுங்க. இனிமே பத்தரமா பாத்துக்கறனுங்க." குரலில் ஒரு பிசிறு இல்லை. அக்கா அவள் கன்னத்தைத் தொட்டு அந்த விரலில் முத்தம் வைத்துக்கொண்டு போனாள்.

வண்டி நிறுத்துமிடம்வரை அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் நடந்தாள். உச்சி வெயில், இவ்வளவு நேரம் இருட்டைப் பார்த்த கண்ணில் குத்தியது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பான். கேட்டால் என்ன சொல்வது, வாயில் வந்தது என்றா. அவன் கேட்கவில்லை. வண்டியை வரிசையிலிருந்து இழுத்துத் திருப்பி நிறுத்தினான், ஏறி உட்கார்ந்தான், சாவியைப் போட்டான், திருகவில்லை.

"படம் எப்படி?" என்றான், வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"இருட்டா இருந்துச்சுங்க."

"ம்." ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "அந்தக் குழி தப்பு" என்றான் பிறகு.

"எந்தக் குழிங்க?"

"அந்தப் புள்ளைய வெப்பானே. மொழங்காலு ஆழங்கூட இல்ல. அத்தன மழை பெய்யுது, மண்ணு நிக்குமா? நாயி வந்து கெளறிப்போடும். இடுப்பளவு வெட்டோணும். வெட்டி, மண்ணத் தள்ளி, கால்ல மிதிக்காம கையில அமுத்தோணும். மேல வேலா முள்ளு வெட்டிப்போட்டு அதுக்கு மேல கல்லத் தூக்கி வெக்கோணும்." அவன் நிறுத்தினான். "படம் எடுக்கறவனுக்கு என்ன தெரியும்."

அவள் அவன் பிடரியைப் பார்த்தபடி நின்றாள். கால்ல மிதிக்காம என்ற சொல் அவளுக்குள் மெதுவாக இறங்கியது, தொண்டையில் இருந்ததைத் தொட்டது. "அத்தன சின்னதுக்குமா இடுப்பளவு?" என்றாள்.

"சின்னதுக்குத்தான்."

"மாமாகூட வந்தாருங்களா, உங்கப்பா?"

"வர்றேன்னாரு. நாந்தான் வேண்டான்னுட்டேன்."

அப்போது அது தானாகவே வெளியே வந்தது, இரண்டு மாதமாக இருந்த சொல், வரும்போது கனமே இல்லாமல் வந்தது. "எங்கீங்க?"

அவனுக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்திருக்கும், அடுத்தது தங்காது என்றது. பக்கத்து வண்டியை எடுக்க வந்தவன், "அண்ணா, கொஞ்சம்" என்று கேட்க, காலால் தள்ளி வழிவிட்டான். "நம்ம தோட்டத்துலதான். கெணத்துக்கு அக்கட்டால, பழைய மோட்டார் ரூமுக்குப் பின்னாடி" என்றான். அவளுக்கு அந்த இடம் தெரியும். போன வாரம் அந்தப் பக்கம் கீரை பறிக்க நடந்தபோது, பாம்பு இருக்குது என்று அத்தை கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. அவள் இழுபட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதை அவள் தனக்குள்கூட முழுசாகக் கேட்டுக்கொண்டதில்லை. நர்ஸ் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ருக்குமணியக்கா சொன்னது இன்னும் காதில் இருந்தது. "என்ன கொழந்தைங்க?" என்றாள். "பையனா?"

"தெரியாது."

"பாக்கலீங்களா?"

"துணி சுத்திக் குடுத்தாங்க. பிரிக்கல." சாவியை இப்படியும் அப்படியும் ஆட்டினான். "கையில வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பிரிக்கலாம்னு தோணுச்சு. நீ பாக்காதத நான் எப்படி அம்மிணி பாக்கறது?"

அவனிடம் இருக்கிறது, தனக்குத் தராமல் வைத்திருக்கிறான் என்று இத்தனை நாளும் எதை நினைத்தாளோ, அது அவனிடமும் இல்லை. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் பின்கம்பியைப் பிடிப்பவள், இன்று அவன் தோளைப் பிடித்தாள்.

"வீட்டுக்குப் போலாமா? உங்கப்பா வந்துருவாரு."

"அப்பா சாயங்காலந்தானுங்க வருவாரு. தோட்டத்துக்குப் போங்க."

"வெயிலா இருக்குது."

"இருக்கட்டுமுங்க."

வண்டி கிளம்பியது. ரயில்வே பாலம் தாண்டி, கடைகள் முடிந்து, புதிதாகப் போட்ட அகலமான ரோட்டில் ஏறினார்கள். அவன் முகம் தெரியவில்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு முதுகு மட்டும்தான். அந்த முதுகு ஒருமுறை குலுங்கியது, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் குலுங்கியது. அந்த ரோட்டில் மேடு பள்ளம் எதுவும் இல்லை.